நிக்கோன் 35 எஃப் 1.8: மலையகத்து விசேஷங்களுக்கு ஏற்ற சின்ன லென்ஸ்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில் அட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் இருந்துகொண்டு தோட்டத்துக் கூத்து, கோயில் திருவிழா, கல்யாணம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று நம்ம ஆட்களின் வாழ்க்கையைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள், கையில் நிக்கோன் டி.எக்ஸ். (சின்ன சென்சர் வகை) கமரா இருந்தால், அடுத்து வாங்க வேண்டியது ஏ.எஃப்.எஸ். டி.எக்ஸ். 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 ஜி லென்ஸைத்தான். பெரிய சூம் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிற தம்பிமார் தங்கச்சிமார் கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் இதை டி 5300இல் மாட்டிச் சில வருடங்களாகப் பாவிக்கிறேன், வீட்டை விட்டுக் கிளம்பும்போது பெரும்பாலும் கமராவில் இருப்பது இதுதான்.

2009இல் வந்த லென்ஸ் இது. 200 கிராம் எடை. முன்பக்கம் 52 மில்லிமீற்றர் ஃபில்டர் போடலாம், அதனால் கமராவோடு வருகிற பழைய 18-55 கிட் லென்ஸுக்கு வாங்கிய ஃபில்டர் கையில் இருந்தால் இதற்கும் பொருந்தும். டி.எக்ஸ். கமராவில் மாட்டும்போது பழைய ஃபிலிம் கமராக்களில் வந்த 50 மில்லிமீற்றர் லென்ஸ் காட்டுகிற அளவு அகலத்தைத்தான் காட்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருப்பதால், உள்ளே மோட்டார் இல்லாத டி 3000, டி 5000 வரிசைக் கமராக்களிலும் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும். அவ்வளவுதான், மற்ற விபரம் எல்லாம் கம்பெனிக்காரர் போட்டிருக்கிற பக்கத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இதை நம்ம ஊரில் வைத்து எடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதை.

வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இங்கே முதல் பிரச்சினை அதுதான். பின்னேரம் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடுகிற ஊர். லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், போனால் இன்னும் மோசம். பழைய லயக் காம்பரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி, சின்ன ஜன்னல், ஒரு பல்ப், பச்சையோ நீலமோ பூசிய சுவர், பக்கத்தில் அடுப்புப் புகை. அதற்குள்ளேதான் பிள்ளைக்குப் பேர் வைப்பது, சடங்கு, நிச்சயம் எல்லாம் நடக்கிறது. கிட் லென்ஸை 35இல் வைத்தால் அது எஃப் 4.5க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). இது 1.8 வரை திறக்கும், கணக்குப் பார்த்தால் ஆறு மடங்குக்கும் மேலான வெளிச்சம் உள்ளே வரும். கிட் லென்ஸில் 1/30 செக்கனில் கலங்கிப் போகிற படத்தை அதே ஐ.எஸ்.ஓ.வில் (கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) இதில் 1/180க்குக் கிட்ட எடுக்கலாம். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிற பாட்டியின் கை ஆடாமல் விழுவதற்கும், அந்தக் கையே தெரியாமல் போவதற்கும் இடையில் இருப்பது இந்த வித்தியாசம்தான். பிளாஷ் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அந்தச் சின்ன அறையில் பிளாஷ் அடித்தால் பச்சைச் சுவரில் பட்டுத் தெறித்து எல்லார் முகமும் பச்சையாகும், அதோடு எல்லாரும் சட்டென்று விறைத்துப்போய் கமராவைப் பார்த்து நிற்பார்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று. இந்த மாதிரி அறைகளில் எடுக்கும்போது ரோ கோப்பாகவே (கமரா பதிந்ததை அப்படியே வைக்கிற கோப்பு) எடுங்கள். சுவரின் பச்சையும் பல்பின் மஞ்சளும் கலந்து முகத்தில் விழுவதை ஜேபெக்கில் பிறகு சரிசெய்வது பெரும் பாடு.

இந்த லென்ஸை நான் விரும்புவதற்கு வெளிச்சத்தைவிடப் பெரிய காரணம் தூரம். ஒருவருடைய முகத்தையும் தோளையும் படம் நிறைய எடுக்க, கமராவை நிமிர்த்திப் பிடித்தால், மூன்று அடியில் நிற்க வேண்டும். ஆளை முழுதாக எடுக்க ஒன்பது அடி. 55-200 சூமை 200க்குத் திருப்பினால் அதே முகத்தைப் பதினாறு பதினேழு அடிக்கு அப்பாலிருந்தே எடுத்துவிடலாம், அவருக்குத் தெரியவே தெரியாது. மூன்று அடி என்பது பேசுகிற தூரம். அந்த இடத்தில் நின்றுகொண்டு "அக்கா, ஒரு போட்டோ எடுக்கவா" என்று கேட்காமல் எடுக்க முடியாது. கேட்டால் அவர் திருப்பிக் கேட்பார்: "எதுக்கு தம்பி, பேப்பர்ல போடவா? எங்களுக்கும் ஒன்னு குடுக்கணும்." அங்கேயிருந்து பேச்சு தொடங்கும், மகள் எந்தப் பள்ளிக்கூடம், எந்த டிவிஷன், உங்க அப்பா யாரு என்று போய், கடைசியில் ஒரு பிளேன்டீயும் வரும். அதற்குப் பிறகு எடுக்கிற படத்தில் இருக்கிற முகம் வேற முகம்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ரோட்டோரமாக வேனை நிறுத்தி, மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களைத் தூரத்திலிருந்து சூம் போட்டு எடுத்துக்கொண்டு போன படங்கள் எத்தனையோ வந்துவிட்டன. கூடை, பச்சை மலை, ஒரு சிரிப்பு. அந்தப் படம் எந்த நாட்டில் எந்த விளம்பரத்தில் வந்தது என்று அதில் இருக்கிறவருக்கே தெரியாது. ஆனால் அதே பெண் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியை அவிழ்த்துவிட்டு, நல்ல சேலை உடுத்தி, மகனின் கல்யாணத்தில் நின்ற படம் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் பார்த்த பல வீடுகளில் இருக்கிற மிகப் பழைய படம், கடவுச்சீட்டுக்கோ பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கோ எடுத்ததுதான். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன சொந்தக்காரர்கள் விட்டுப்போன குடும்பப் படம் ஒன்று, அடையாள அட்டைப் படம் ஒன்று. ஆள் இறந்த பிறகு அந்த அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கிக் கண்ணீர் அஞ்சலி பேனரில் போடுகிறார்கள், புள்ளி புள்ளியாக முகமே தெரியாமல். மண்சரிவில் வீடு போகிற இடங்களில் அதுவும் போய்விடுகிறது. இதை மாற்ற ஊருக்குள்ளேயே இருக்கிற நம்மால்தான் முடியும், அதற்குப் பக்கத்தில் போய் எடுக்கிற லென்ஸ் வேண்டும்.

சரி, கூத்துக்கு வருவோம். இந்த லென்ஸ் தன் விலைக்கு மேலேயே வேலை செய்கிற இடம் காமன் கூத்து. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்குவார்கள், கடைசி நாள் இரவெல்லாம் நடக்கும், ரதி மன்மதன் கல்யாணம், சிவன் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவது, போகாதே என்று ரதி தடுப்பது, பிறகு சிவன் மன்மதனை எரிக்கும் எரிப்பு. வெளிச்சம் என்று பார்த்தால் தீவட்டி, இரண்டு மூன்று டியூப் லைட், யாராவது போனில் பிடிக்கிற டோர்ச். நான் எஃப் 2, 1/125, ஐ.எஸ்.ஓ. 3200 என்று வைத்துக்கொண்டு தொடங்குவேன், தீவட்டி கிட்ட வரும்போது ஷட்டரைக் கூட்டுவேன். டி 5300இல் 3200 வரை தாராளமாகப் போகலாம். 6400இல் குருணை தெரியும், போனில் பார்க்கிறவர்களுக்கு அதுவும் உறுத்தாது. தீவட்டி வெளிச்சத்தின் மஞ்சளை அப்படியே விடுங்கள், வெள்ளையாக்கினால் இரவே இல்லாமல் போய்விடும்.

அங்கே பிளாஷ் வேண்டவே வேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஆடுகிறவர்கள் விரதம் இருந்து ஆடுகிறார்கள், சிலர் அருள் வந்து நிற்பார்கள், அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே வெள்ளை வெளிச்சம் அடிப்பது மரியாதை கிடையாது. கமராவின் ஃபோகஸ் உதவி விளக்கையும் மெனுவில் அணைத்துவிடுங்கள், இருட்டில் அது பளிச்சென்று எரிந்து ஆட்களின் கண்ணைக் கூசவைக்கும். அதை அணைத்தால் ஃபோகஸ் கொஞ்சம் தேடும். நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, நகையின் விளிம்பிலோ நெற்றிப் பொட்டிலோ பிடித்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் வளையத்தைக் கையால் திருப்பலாம், மாற்றுச் சுவிட்ச் ஒன்றும் தட்டத் தேவையில்லை. லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) எடுக்காதீர்கள், இந்த வரிசைக் கமராக்களில் ஃபோகஸ் அதில் ரொம்ப மெதுவாக வரும்.

எஃப் 1.8 கிடைத்துவிட்டது என்று எல்லாவற்றையும் 1.8இலேயே எடுப்பதும் சரிவராது. ஆறரை அடி தூரத்தில் நிற்கிற ஆளை 1.8இல் எடுத்தால் முன்னும் பின்னுமாக இருபது சென்ரிமீற்றர் சொச்சம்தான் கூர்மையாக இருக்கும். மூன்று அடிக்குக் கிட்டப் போனால் அது ஐந்தாறு சென்ரிமீற்றராகச் சுருங்கும், ஒரு கண் துல்லியமாகவும் மற்றக் கண் மங்கலாகவும் வரும். ரதியும் மன்மதனும் வாதாடுகிற கட்டத்தில் இருவர் முகமும் வேண்டும், அதற்கு 2.8 வையுங்கள். அப்புறம், கதை தெரிந்திருக்க வேண்டும். எரிப்பு முடிந்ததும் கூட்டம் முழுக்க நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஆனால் ரதி வேஷம் கட்டிய ஆள் அழுது ஒப்பாரி வைக்கத் தொடங்குவது அப்போதுதான். பக்கத்தில் இருக்கிற அம்மாமார் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். வருடா வருடம் பார்க்கிற கதைதான், ஆனாலும் அழுவார்கள். அந்த முகங்கள் உங்களிடமிருந்து நாலைந்து அடியில் இருக்கும், 35க்கு அளந்து வைத்த தூரம்.

கூத்து தொடங்குவதற்கு முன்னாலேயே போய்விடுங்கள். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் தோலை இறுக்குவதற்குக் காய்ந்த சருகையும் பேப்பரையும் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள். குளிருக்கு எல்லாரும் அந்த நெருப்பைச் சுற்றி நிற்பார்கள், கீழேயிருந்து வெளிச்சம் முகத்தில் விழும், ஒருவர் விரலால் தட்டிச் சத்தம் பார்ப்பார். எனக்கு மிகவும் பிடித்த படங்கள் எல்லாம் இந்த நேரத்தில் எடுத்தவைதான். அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளுக்கும் இதே முறைதான் பொருந்தும், ஆனால் தபசில் அர்ச்சுனன் கம்பத்தின் மேலே ஏறிய பிறகு 35 எட்டாது, அங்கே சூம் வேண்டும்.

எல்.ஈ.டி. லைட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இப்போது எந்தக் கோயிலைப் பார்த்தாலும் மலிவான கலர் லைட்தான். நம்ம மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் மலிவான விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மின்னி அணைகின்றன, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஷட்டரை 1/250, 1/500 என்று வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும், ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் போய்விடும். லென்ஸில் பழுது என்று நினைத்து விற்கப் பார்த்த ஆட்களை எனக்குத் தெரியும்.

இது உதவாத இடங்கள் இருக்கின்றன. தேர்த் திருவிழாவில் வீதி குறுகல், தேர் உயரம், பின்னால் நகர இடமிருக்காது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேருக்குப் போகிறவர்கள் ஐந்து தேரையும் கோபுரத்தையும் ஒரே படத்தில் பிடிக்க இதை நம்பிப் போக வேண்டாம். காம்பராவுக்குள்ளும் அதே கஷ்டம், சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் எதிர்ச் சுவரில் ஏழெட்டு அடிக்கு மேல் படத்தில் வராது. இதற்கு நான் கண்டுபிடித்த சுலபமான வழி, அகலமான படத்தைப் போனில் எடுப்பது. வெளிச்சமுள்ள நேரத்தில் இப்போதைய போன்கள் அதை நன்றாகவே செய்கின்றன. இல்லாவிட்டால் கிட் லென்ஸை 18இல் வைத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, தோட்டத்துக் கிரிக்கெட், இதற்கெல்லாம் இந்த லென்ஸ் சரிப்படாது, 55-200 மாதிரி ஒன்று வேண்டும்.

டவுனில் நடந்து எடுப்பதற்கு நல்ல துணை. தீபாவளிக்கு முந்திய நாட்களில் அட்டன் கடைத்தெருவைப் பாருங்கள், தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த சனம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கும், பேவ்மென்டில் துணியை விரித்து விற்கிறவர்கள் தலைக்கு மேல் பல்பைத் தொங்கவிட்டிருப்பார்கள், பொழுது சாய்கிற நேரம் மழைத் தூறல் வேறு. சின்ன லென்ஸ் என்பதால் யாரும் மிரளுவதில்லை. டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் போயா வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், அந்த மாதங்களில் இரவு ரயிலில் வந்து இறங்குகிற யாத்திரிகர்கள் ஸ்டேஷனில் போர்வையைப் போர்த்திக்கொண்டு மஸ்கெலியா பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். அந்த மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் 1.8 எவ்வளவு உதவி என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். 2023 ஆகஸ்ட்டில், மலையக மக்களின் 200 வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து நடந்தவர்கள் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்களே, அப்படியான நாட்களில் பதாகையையும் கூட்டத்தையும் எல்லாரும் எடுத்துவிடுவார்கள். நடந்து களைத்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலைத் தேய்த்துக்கொண்டு பேசுவதை எடுக்க ஆள் குறைவு.

குறைகளையும் சொல்கிறேன். இதில் அதிர்வு தாங்கும் வசதி இல்லை, கையைத் தூணிலோ சுவரிலோ முட்டுக் கொடுத்துப் பழகுங்கள். 1.8இல் எடுக்கும்போது பளபளப்பான இடங்களின் ஓரத்தில் ஊதா, பச்சை நிறம் ஒட்டிக்கொண்டு வரும், வெள்ளி விளக்கு, சேலைச் சரிகை, பனிமூட்டத்துக்கு முன்னால் நிற்கிற மரக்கிளை, இவற்றில் நன்றாகத் தெரியும். 2.8க்கு மூடினால் பெரும்பகுதி குறையும். நேர்க்கோடுகள் கொஞ்சம் வெளியே வளையும், லயத்தின் கூரை விளிம்பைக் குறுக்கே எடுத்தால் கண்ணில் படும், கணினியில் ஒரு நிமிட வேலை.

மழைக்குப் பூட்டிய லென்ஸும் கிடையாது. கமராவோடு பொருந்துகிற மவுன்ட்டில் ஒரு றப்பர் வளையம் இருக்கிறது, அது தூசுக்கும் தூறலுக்கும் மட்டும்தான். ஷொப்பிங் பையில் ஓட்டை போட்டு லென்ஸின் மேல் இழுத்து றப்பர் பேண்ட் போட்டால் திருவிழா மழைக்குத் தாங்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஃபங்கஸ். நம்ம காற்றில் ஈரம் அதிகம், கமராப் பையை அலுமாரிக்குள் மாதக்கணக்கில் வைத்துவிட்டால் கண்ணாடிக்குள் வெள்ளை நூல் மாதிரி படர்ந்துவிடும், பிறகு சுத்தம் செய்யக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். ட்ரை கெபினெட் வாங்கக் காசில்லாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீற்றர், இவை போதும். மீற்றர் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல்லின் நிறம் மாறினால் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். குளிருக்குள் நின்றுவிட்டு நேரே ஸ்டோருக்குள் (தேயிலைத் தொழிற்சாலை) தேயிலை காய்கிற பக்கம் போனால் முன்கண்ணாடியில் வியர்க்கும். துடைக்காமல் கொஞ்ச நேரம் பையோடு வைத்து, சூடு சமனான பிறகு வெளியே எடுங்கள்.

எடுத்த படத்தைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்றைக்கே சந்தோஷம், ஆனால் வயதானவர்களுக்குப் பிரின்ட் போட்டுக் கொடுங்கள், 4க்கு 6 போதும். சாமி படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஏறும். அடுத்த வருடக் கூத்துக்கு நீங்கள் போகும்போது, கூட்டத்தை விலக்கி முன்னால் இடம் பிடித்துக் கொடுப்பது அந்த வீட்டு ஆட்கள்தான். லென்ஸ் விலையில் ஒரு பங்கைப் பிரின்டுக்கு என்று ஒதுக்கிவிட்டே வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம்.

வாங்குகிற கதை. 2009இல் அமெரிக்காவில் இது 200 டொலர் மட்டில் விற்ற லென்ஸ். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இங்கே கமராச் சாமான் விலை எல்லாம் எங்கேயோ போய்விட்டது, அதனால் புதிதாகத் தேடுவதைவிட இரண்டாம் கையில் வாங்குவதுதான் புத்தி. கண்டி, கொழும்புப் பக்கம் கிடைக்கும். பெயரைச் சரியாகப் பாருங்கள், இதே 35 எஃப் 1.8 என்ற பெயரில் 2014இல் வந்த எஃப்.எக்ஸ். (பெரிய சென்சர் கமராவுக்கான) லென்ஸ் ஒன்று இருக்கிறது, அது 305 கிராம், ஃபில்டர் 58, விலையும் அதிகம். போன் டோர்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்னால் பாருங்கள், நூல் மாதிரியோ பஞ்சு மாதிரியோ ஏதாவது தெரிந்தால் எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள். உங்கள் கமராவைக் கொண்டுபோய் மாட்டி, கிட்டேயும் தூரத்திலேயும் மாறி மாறி ஃபோகஸ் செய்து பாருங்கள், மோட்டார் கீச்சென்று சத்தம் போடக் கூடாது. மவுன்ட்டில் றப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிக்கோனின் புதிய இசட் மிரர்லெஸ் கமராவுக்கு மாறிவிட்டவர்கள் எஃப்.டி.இசட். அடாப்டரில் இதை மாட்டலாம், ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும், ஆனால் இனித்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் 2023இல் வந்த இசட் டி.எக்ஸ். 24 எஃப் 1.7ஐப் பாருங்கள், எடையும் குறைவு, காம்பராவுக்குள் அகலமும் கூட. விற்கிறவர் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டுகிற மறைப்பு) தொலைந்துவிட்டது என்பார், அதன் பெயர் எச்.பி. 46, அதையும் கேட்டு வாங்குங்கள். தூறலில் முன்கண்ணாடியில் துளி விழாமல் பார்த்துக்கொள்வது அதுதான்.